விளி கேட்கும் தூரம்

சர்க்கார் ஆட்கள் நிலத்தைச் சங்கிலி போட்டு அளப்பார்கள். எங்கள் மயினி தொண்டையைக் கொண்டு அளப்பாள். வேளிமலைச் சரிவில் நாங்கள் குடியேறிய லட்சணமே அதுதான்.

கொல்லம் வருஷம் தொண்ணூற்றொன்பதில் (இங்கிலீஷில் 1924) வந்த பெருவெள்ளத்துக்கு மறு வருஷம் எனக்குக் கல்யாணம். சுசீந்திரம் பக்கத்து வயல்வெளியில் சமதரையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் வளர்ந்தவள் நான். என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் மலையில் புதுவல் எடுத்திருந்தார். காட்டை வெட்டித் திருத்திக்கொள்ளச் சொல்லி சர்க்கார் பதிந்து கொடுக்கும் பூமியைத்தான் புதுவல் என்போம். அந்த அண்ணனின் மனைவிதான் மயினி. “ஒரு மூலை தாறேன், வந்து இரிங்க” என்று எங்கள் கல்யாணத்துக்கு வந்த இடத்திலேயே மயினி பிடித்துக்கொண்டாள். தாலி கட்டி அரை நாள் ஆகவில்லை. இந்தப் பொம்பிளைக்கு என்ன இத்தனை அவசரம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

போய்ப் பார்த்தோம். ஓடைக்கரையில் தென்னை வைக்க ஏற்றதாக நல்ல சமமான இடம் ஒன்று கிடந்தது. என் வீட்டுக்காரர் அதில் போய் நின்றார். மயினி தன் முற்றத்தில் இடுப்பில் கை வைத்து நின்று சத்தம் போட்டாள்.

“ஏலே, நான் விளிக்கேன். கேட்டா கைய தூக்கு!”

விளித்தாள். அவர் கையைத் தூக்கினார். மயினிக்குத் திருப்தியில்லை.

“காத்து எதுத்தடிச்சா அங்க கேக்காது. மேல ஏறி வா. இன்னும் வா. இன்னும்... ஆங், அங்க வை வீட்ட!”

அவள் சொன்ன இடம் கூரை மாதிரி சரிந்து கிடந்தது. மலையைக் குடைந்து மண்ணை வெட்டித் தள்ளினால்தான் ஒரு பாய் விரிக்கத் தரை கிடைக்கும். “மனுஷன் இருக்கதுக்கா, இல்ல கிளி கூடு கட்டுகதுக்கா?” என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். எங்களுக்குப் பிறகு வந்த ஒவ்வொரு குடும்பமும் அந்தச் சரிவில் அப்படித்தான் வீடு வைத்தது. ஒருத்தரும் மண்ணைப் பார்க்கவில்லை, மயினியின் விளியைத்தான் பார்த்தோம்.

ஆள் குள்ளம். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். அந்த உடம்புக்குள் அத்தனை சத்தம் எங்கே இருந்ததோ கர்த்தருக்கே வெளிச்சம். தொண்டை கெட்டுவிடும் என்று வெற்றிலை போடமாட்டாள். நல்லமிளகும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சிய கஷாயத்தை வாரம் தவறாமல் குடிப்பாள். எங்கள் பேச்சில் கூப்பிடுவது விளி. கூப்பிட்டதற்கு ‘ஓ’ என்று குரல் கொடுப்பது விளி கேட்பது. விளக்கு வைக்கிற நேரத்தில் மயினி முற்றத்துக்கு வந்து ஒவ்வொரு வீட்டுப் பெண்ணையும் பேர் சொல்லி விளிப்பாள். நாம் விளி கேட்க வேண்டும். அவ்வளவுதான், வேறு சமாச்சாரம் ஒன்றும் கிடையாது. ‘ஓ’ என்றதும் அடுத்த பேருக்குப் போய்விடுவாள்.

ஒரு நாள் அந்தியில் வீட்டுக்காரரோடு ஏதோ சண்டை போட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மயினி விளித்தாள். ஆமா, நீ விளித்தால் உடனே நான் கத்த வேண்டுமாக்கும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் கிடந்த கஞ்சி ஒரு கொதி வருவதற்குள் மயினி ஓலைச்சூட்டைக் கொளுத்திக்கொண்டு மூச்சிரைக்க வாசலில் வந்து நிற்கிறாள். காலில் முள் கிழித்து ரத்தம் வடிகிறது.

“பாம்பு தொட்டுதா? எங்கட்டி? கால காட்டு!”

“ஒண்ணுமில்ல மயினி. விளி கேக்க மனசில்லாம இருந்துட்டேன்.”

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். வாசற்படியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்குச் சீ என்றாகிவிட்டது.

அதன் காரணத்தை அவளாக ஒரு நாள் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சரிவு முழுக்க அவர்கள் வீடு ஒன்று மட்டும் இருந்த காலம். அவளுக்குத் தலைப்பேறு. நாள் இருக்கிறது என்று அண்ணன் நல்லமிளகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு இறங்கிப் போயிருக்கிறார்.

“வெளுப்பாங்காலத்துல நோவு கண்டுது. விளிச்சேன் மக்கா. தொண்ட கிளியுற மட்டும் விளிச்சேன். ஒரு கொரங்கு கூட திரும்பிப் பாக்கல்ல. பிள்ள வந்துது, வீல் வீலுன்னு நல்லா கரைஞ்சுது. எனக்கு எழும்ப சீவனில்ல. பெறவு கரைச்சல் நின்னுபோச்சு. கொடி அறுத்து தூக்க ஒருத்தி இருந்தா எனக்க பிள்ள பொழச்சிருக்கும் பாத்துக்கோ.”

மரச்சீனித் துண்டுகளைத் தண்ணீரில் போட்டாள்.

“அன்னைக்கு நெனச்சேன். இந்த மலைய ஆளு கொண்டு நெறச்சிடணும்னு.”

அதன்பிறகு அவளுக்குப் பிள்ளை உண்டாகவே இல்லை. ஆனால் சொன்னதைச் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கீழே போனால் ஆசீர்வாதம் கூறி முடிந்ததும் வாசலில் நின்று இடமில்லாத குடும்பமாகப் பார்த்துப் பிடிப்பாள். “காத்து இருக்கு, தண்ணி இருக்கு, மண்ணு இருக்கு. ஆளுதான் இல்ல. வாருங்கோ.” உபதேசியார் கேலி செய்வார்: “நான் ஆத்துமா சேக்கியேன், நீ ஆளு சேக்கிய. ஒனக்குத்தான் வரத்து கூடுதல்.” வேதக்காரர் மட்டுமல்ல, இந்து, துலுக்கர், அய்யாவழிக்காரர் யாரானாலும் அவளுக்கு ஒன்றுதான். விளித்தால் கேட்கக் காது இருந்தால் போதும். குத்தகையும் கேட்க மாட்டாள், விலையும் கேட்க மாட்டாள். அண்ணன் முணுமுணுப்பார். அவருக்கு அவள்மேல் உயிர். முணுமுணுத்துக்கொண்டே போய் எல்லைக்கல் நட்டுக் கொடுப்பார்.

அப்போதுதான் மலைக்கு மேலே துரை ஒருவர் ரப்பர் எஸ்டேட் திறந்தார். அதற்கென்று வண்டிப்பாதை வெட்டினார்கள். பாதை வந்தால் சாயாக்கடை வரும், சாயாக்கடை வந்தால் சந்தை வரும். கொல்லன் பட்டறை, மரம் அறுக்கிற குழி, கூலிக்காரர் லயன் எல்லாம் வந்தது. இங்கிலீஷ் 1930 பிறந்தபோது லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஏறியது. தேனும் கிழங்கும் கொண்டுவரும், அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த காணிக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிப் போனார்கள். மயினி அவர்களையும் விட்டுவைக்கவில்லை, கீழே வந்து எங்களோடு இருங்கள் என்றாள். “இஞ்ச ஆளு கூடிப்போச்சு அம்மா” என்று சொல்லிவிட்டு அவர்கள் தலைவனான மூப்பன் போனவன் போனவன்தான்.

ஒரு அயனி மரம் விழுகிற சத்தம் கேட்டால் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அவளோ தாய்வீட்டு வண்டி வந்ததுபோல வெளியே ஓடி வருவாள். “ஒரு மரம் விளுந்தா ஒரு வீடு எழும்பும்லாட்டி!” அந்தியில் சரிவு முழுக்க விளக்குகள் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு அவள் நிற்கும்போது அந்த முகத்தில் ஒரு குறையும் இருக்காது. மரத்தை வெட்டுகிறார்களே, மண்ணைக் குடைகிறார்களே என்று அவளிடம் யார் போய்ச் சொல்வது? ஆசையும் ஒரு நோய் மாதிரிதான், அது நல்ல ஆசையாக இருந்தாலும்.

ஊர் பெருகப் பெருக ஒரு தொந்தரவு வந்தது. புதிதாக வந்தவர்கள் அவள் விளிக்கு உடனே குரல் கொடுக்கவில்லை. காரணம் இசக்கி என்கிற பேய்த்தெய்வம். உச்சிப்பொழுதிலும் அந்திப்பொழுதிலும் இசக்கி தெரிந்த குரலில் ஒரே ஒரு தடவை பேர் சொல்லி விளிப்பாளாம். பதில் குரல் கொடுத்தால் கொண்டுபோய்விடுவாளாம். இரண்டாம் தடவை விளிக்க அவளால் முடியாதாம். அதனால் இரண்டாவது விளி வந்தால்தான் மனுஷவிளி என்று அர்த்தம். சமவெளியிலிருந்து வந்த பெண்களுக்கு இது தாய்ப்பாலோடு வந்த பயம். வேதக்காரிகளான எங்களுக்கு இசக்கி கிடையாது என்று சொல்லிக்கொள்வோம். ஆனாலும் எதற்கு வம்பு, இன்னொரு தடவை விளிக்கட்டுமே என்று இருந்துவிடுகிறவர்கள் எங்களிலும் உண்டு.

மயினிக்கு வந்ததே கோபம்.

“எனக்க விளி பேயிக்க விளியா? பிள்ளப்பேறு பாக்க வேணும், அரிசி கடன் வேணும், அதுக்கெல்லாம் நான் மனுஷி. விளிச்சா மட்டும் நான் இசக்கியா?”

“ஒரு தடவ கூட விளிச்சா என்ன மயினி? வாய் தேஞ்சா போவும்?”

“ஒரு விளிக்கு கேக்காதவளுக்கு ரெண்டாம் விளி எனக்க வாயில கெடையாது. நடந்து போய் அவளுக்க செவியப் பிடிச்சு திருவுவேன்.”

சொன்னபடியே செய்வாள். விளிப்பாள், பதில் வராவிட்டால் இறங்கியோ ஏறியோ நேரே போய் நிற்பாள். அவள் வந்து நின்ற பிறகு அந்தப் பெண்கள் அசடு வழியச் சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம். அதில் பயப்பட என்ன இருக்கிறது?

எல்லாரும் வந்து எல்லா இடமும் கொடுத்து முடிந்த பிறகு கடைசியாக மயினி வீட்டுக்கு மேலே ஒரு துண்டுக் காடு மிச்சம் நின்றது. செங்குத்தான இடம். அதன் அடியில்தான் எங்கள் எல்லாருக்கும் தண்ணீர் தந்த ஊற்று. அந்தக் காட்டைக் கேட்டுப் பலபேர் வந்தார்கள். எதற்கும் வாய் திறக்காத அண்ணன் அதற்கு மட்டும் திறந்தார். “அந்த காடு நிக்கதுனாலயாக்கும் ஊத்தும் நிக்கது, மண்ணும் நிக்கது. மத்ததெல்லாம் நீ கொடு. அத மட்டும் தொடாத.” மயினியும் தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் செல்லம்மை வந்து சேர்ந்தாள். குத்தகை வயல் கைவிட்டுப்போய், நிறைவயிற்றோடு புருஷன் பின்னால் மலையேறி வந்து, சந்தைக்குப் பின்னால் ஓலைமறைப்புக்குள் கிடந்தாள். மயினி அவள் வயிற்றைப் பார்த்தாள். அந்த நிமிஷமே காரியம் முடிந்துவிட்டது. அண்ணன் சொன்னதெல்லாம் வீண்.

“தண்ணிக்கு வேற வழி பாக்கலாம். இவ நோவு வந்தா எங்க போய் விளிப்பா, செல்லுங்க பாப்போம்!”

அண்ணன் பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்து போனார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் மறுநாள் எல்லைக்கல் நட்டவரும் அவர்தான்.

காடு விழுந்தது. தூர் மட்டும் மிஞ்சிய சரிவில் செல்லம்மையின் புருஷன் மரச்சீனிக்குக் குழி குழியாக வெட்டினான். நடுவில் ஒரு குடிசை. மயினி முற்றத்தில் நின்றால் தலைக்கு மேலே அந்தக் குடிசை தெரியும், அவ்வளவு பக்கம். அந்தக் குடிசையில்தான் செல்லம்மைக்கு ஆண்பிள்ளை பிறந்தது. முதல் முனகலுக்கே மயினி போய்விட்டாள். கொடி அறுத்துப் பிள்ளையைத் தூக்கியவள், வீல் வீல் என்று அது கத்தக் கத்த, யாருக்கும் கொடுக்காமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து நின்றாள். “கரையட்டும், கரையட்டும். நல்லா கரையட்டும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளை அத்தனை சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சிவந்த கண்ணோடு அண்ணன் வெளியே நின்றார். காட்டைப் பற்றி அதற்குப்பின் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மழை பெய்தால் ஊற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரத் தொடங்கியது. அவர் குடத்தின் வாயில் துணி கட்டி வடித்துக்கொண்டார்.

அடுத்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. ஒரு நாள் உச்சிக்கு மழை ஓய்ந்து பளீரென்று வெயில் வந்தது. நான் வாசலில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மயினி குடத்தோடு ஊற்றுக்குப் போனாள். போனவள் நின்றுவிட்டாள். ஊற்று வாயில் தண்ணீருக்குப் பதில் கூழ்போலச் சேறு குமிழியிட்டு வந்ததாம். மேலே தூர்கள் சாய்ந்து நின்றதாம். இதெல்லாம் அவள் சத்தம் கேட்டு முற்றத்துக்கு ஓடி வந்த அண்ணன் பிறகு சொன்னது. நான் கண்டது அவள் அண்ணாந்து பார்த்ததை. கேட்டது அந்த ஒரே விளியை.

“செல்லம்மோ...!”

பதில் இல்லை.

அவள் இரண்டாவது தடவை விளிக்கவில்லை. குடத்தைப் போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மரச்சீனிக் குழிகளுக்கு நடுவே மேலே ஏறினாள். வழக்கம்போல செல்லம்மையின் செவியைத் திருகத்தான் போகிறாள் என்று நான் அரிசியைப் பார்க்கக் குனிந்துவிட்டேன். களத்தில் நெல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நிமிர்ந்தபோது குடிசை இல்லை. அந்தச் சரிவே இல்லை. செக்கச்செவேலென்று பச்சைமண் மட்டும் தெரிந்தது.

சந்தை முழுவதும் மண்வெட்டியோடு ஓடி வந்தது. பட்டறை ஆள், லாரிக்காரன், லயன் கூலிகள், கடைக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். எல்லாரும் அவள் கூட்டி வந்த ஆட்கள் அல்லது அவர்களைத் தொடர்ந்து வந்த ஆட்கள். செல்லம்மையின் புருஷன் சந்தையில் இருந்ததால் தப்பினான்; தாய், பிள்ளை, மயினி என்று மூன்று உயிரைத் தேடித் தோண்டினார்கள். மயினி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒன்றுமில்லை. மண் எங்களை ஒதுக்கிவிட்டுப் பக்கவாட்டில் பாதைப் பக்கம் இறங்கியிருந்தது.

வெயில் சாயும்போது செல்லம்மை இடுப்பில் பிள்ளையோடு சாயாக்கடைப் பாதையில் நடந்து வருகிறாள்.

“உச்சியில எனக்க பேரச் செல்லி ஒரு விளி கேட்டுது” என்றாள். “ரெண்டாம் விளி வரட்டும்னு பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு இருந்தேன். வரல்ல. அப்போ அது இசக்கிதான்னு பயந்துபோய், பிள்ளையத் தூக்கிட்டு பொறவாசல் வழி ஏறி ஓடிட்டேன்.”

கொஞ்ச நேரத்தில் மயினியை எடுத்தார்கள். குடிசைக்குள்ளேதான் இருந்தாள். தொட்டில் துணி அவள் கையில் சுருண்டிருந்தது. காலியான தொட்டிலில் பிள்ளையைத் தேடியிருக்கிறாள்.

எனக்குச் செல்லம்மையை முடியைப் பிடித்து அறைய வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. அடி பாவி, வாயைத் திறந்து ஒரு ‘ஓ’ சொல்லியிருந்தால் மயினி கீழே நின்றே இறங்கி வரச் சொல்லியிருப்பாளே! மறுநிமிஷம் அந்தப் பிள்ளை அழுதது. அடுத்த ஆத்திரம் யார்மேல் வருவது என்று எனக்குத் தெரியவில்லை. காட்டைக் கொடுத்தவளே மண்ணுக்குள் போய்விட்டாள்.

கீழே எங்கள் சபைக் கல்லறையில் அடக்கம் செய்தோம். அண்ணன் அழவில்லை. திரும்பி ஏறும்போது என் வீட்டுக்காரரிடம் ஒன்று சொன்னார்.

“காட்ட கொடுக்காதன்னு ஆயிரம் தடவ செல்லியிருப்பேன். ஒரு விளி கூட விளின்னு ஒரு தடவ செல்ல எனக்குத் தோணல்லையே.”

அவர் அதிக நாள் அங்கே இருக்கவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தங்கை வீட்டோடு போய்விட்டார்.

மலையில் சமதரை கிடைப்பது லேசான காரியமா? இடிந்து இறங்கிய மண் பாதையோரத்தில் பாய் விரித்ததுபோலப் பரந்து கிடந்தது. மறு வருஷமே அதன்மேல் கடைகள் எழும்பின. ஊற்று போன இடம் தெரியவில்லை. தண்ணீருக்கு ஓடை வரை இறங்கினோம். பஸ் வந்தபோது அது திரும்புவதற்கு வசதியாக அந்த இடத்தையே பார்த்தார்கள்.

செல்லம்மை அங்கே ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி விளக்கு வைத்தாள். “எனக்க உயிரையும் பிள்ளைக்க உயிரையும் காத்தது அந்த ஒரு விளியாக்கும். அக்காதான் இசக்கியாட்டு நிக்கியா” என்றாள். எங்கள் சபைப் பாதிரி ஐயர் பிரசங்கத்தில் கண்டித்துப் பார்த்தார். யார் கேட்டார்கள்? பஸ் டிரைவர்கள் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்துக் காசு எறிந்தார்கள். லயன் பெண்கள் வளையல் கொண்டுவந்து வைத்தார்கள். கொஞ்ச காலத்தில் அது யாருடைய கல் என்பதே மறந்துபோனது. இசக்கி என்பது மட்டும் நின்றது.

போன மாதம் எங்கள் பக்கத்து வீட்டுக்கு முட்டத்திலிருந்து ஒரு புதுப்பெண் குடிவந்தாள். நல்ல பிள்ளை. நான் வேலியோரம் நின்று அவள் பேரைச் சொல்லி விளித்தேன். பதில் இல்லை. இன்னொரு தடவை விளித்த பிறகுதான் வந்தாள்.

“கோவிச்சுக்காதீங்க அக்கா. இந்த மலையில ஒருத்தி உண்டாம்லா? உச்சியில ஒரு விளி விளிப்பாளாம். எல்லா வீட்டுலயும் செல்லியிருக்காவ, அவளுக்கு மட்டும் விளி கேட்டுரக் கூடாதுன்னு.”

அந்த ஒருத்தி எங்கள் மயினி என்று சொன்னால் அந்தப் பிள்ளை பயந்துவிடும். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து அழுதேன். எத்தனை வீடு, எத்தனை விளக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை ஜனம் இந்தச் சரிவில்! மயினி விளித்தால் ஒரு வீடும் விளி கேட்காது.